அம்மாவின் முதல் நெடும்பயணம்: கேபின் பையில் எதை, எங்கே வைப்பது?

கேள்வி இதுதான். 64 வயது அம்மா, மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து கத்தாரின் தோஹா வழியாக அமெரிக்காவின் டாலஸுக்குத் தனியாகப் போகிறார். முதல் வெளிநாட்டுப் பயணம். சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. அவர் சிரமப்படாமல் போய்ச் சேர, விமானத்துக்குள் கையோடு எடுத்துப்போகும் கேபின் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று சென்னையில் இருக்கும் மகன் கேட்டிருக்கிறார்.

டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் அம்மா அப்பாக்கள் பலரை வழியனுப்பியிருக்கிறேன். போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல் கேபின் பை சம்பந்தப்பட்டவை. மாத்திரை இருந்தது, ஆனால் எடுக்க முடியவில்லை. ஸ்வெட்டர் இருந்தது, ஆனால் தலைக்கு மேல் இருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எழுப்பச் சங்கடமாக இருந்தது. இப்படித்தான் சொல்வார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், பெரும்பாலான வீடுகளில் கேபின் பை கடைசியில்தான் தயாராகும். பெரிய பெட்டிகள் இரண்டையும் எடை பார்த்து, கயிறு கட்டி, பெயர் ஒட்டி முடித்த பிறகு, அதில் கொள்ளாதது எல்லாம் கைப்பைக்குள் போகும். அரைக் கிலோ பருப்புப் பொடி, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு, மாப்பிள்ளை வீட்டுக்கு இனிப்பு டப்பா. அம்மாவுக்கு வழியில் வேண்டியதெல்லாம் அடியில் போய்விடும். ஆகவே என் முதல் யோசனை: கேபின் பையை முதலில் கட்டுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே கட்டி, ஓரமாக வைத்துவிட்டு, அப்புறம் பெரிய பெட்டிகளைத் தொடுங்கள்.

இரண்டாவது, பொருள்களை வகை பார்த்துப் பிரிக்காதீர்கள். கை எட்டும் தூரம் பார்த்துப் பிரியுங்கள். எகானமி வகுப்பில் ஒரு இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவே 31, 32 அங்குலம்தான் இருக்கும். அதில் முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்துவிட்டால், தலைக்கு மேலே இருக்கும் பெட்டி அடுத்த ஊரில் இருப்பது மாதிரி. எனவே மூன்று இடங்கள்: கழுத்தில் ஒன்று, காலடியில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. இந்த மூன்றையும் சரியாகப் பிரித்துவிட்டால் பயணம் பாதி சுலபமாகிவிடும்.

கழுத்தில் மாட்டும் சின்னப் பையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், கொஞ்சம் டாலர், படிக்கும் கண்ணாடி, ஒரு பேனா, ஒரு தாள். அவ்வளவுதான். புடவை மேல் குறுக்காகப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டால் யார் கண்ணையும் உறுத்தாது. கழிவறைக்குப் போகும்போதும் இது உடம்பிலேயே இருக்க வேண்டும். நகை எடுத்துப்போனால் அதுவும் இதில்தான்; கவுன்டரில் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டியில் நகை வைக்கவே கூடாது. தாலிச் சங்கிலியைச் சோதனைக்காகக் கழற்ற வேண்டியதில்லை என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திரை போட்ட அறையில் பெண் காவலர்தான் சோதிப்பார். இதை யாரும் சொல்லாததால் பயந்துகொண்டே வரிசையில் நிற்கும் அம்மாக்கள் உண்டு.

அந்தத் தாளைப் பற்றி. செல்போனில் எல்லாம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் ஆங்கிலத்தில்: மகளின் பெயர், டாலஸ் முகவரி, தொலைபேசி எண், மாப்பிள்ளையின் எண், உங்கள் எண், அம்மாவுக்கு உள்ள நோய்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள். பிராண்டு பெயர் மட்டும் எழுதினால் வெளிநாட்டு மருத்துவருக்குப் புரியாது. மருந்தின் பெயரையே எழுதுங்கள். மறுபக்கம் தமிழில், பெரிய எழுத்தில்: தோஹாவில் இறங்கியதும் வெளியே போகும் வழியில் போகக் கூடாது, டிரான்ஸ்ஃபர் என்று எழுதிய வழியில் போக வேண்டும், அங்கே மறுபடி பை சோதனை இருக்கும், பெரிய பெட்டிகள் தாமாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விடும், டாலஸில்தான் எடுக்க வேண்டும். இந்த நாலு வரி அம்மாவுக்குக் கொடுக்கும் தைரியம் பெரிது. (மற்றவர்களுக்காக ஒன்று: அமெரிக்க விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்து, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், இரண்டையும் சேர்த்துக் கழுத்துப் பையில் வையுங்கள். பழையதை பீரோவில் விட்டுவிட்டு வந்து கவுன்டரில் தவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

இனி காலடிப் பை. மூன்றில் இதுதான் முக்கியம்.

இதற்கென்று விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் துணிப்பை போதும், நம் மஞ்சப்பை அளவில். மேலே ஜிப்போ பட்டனோ இருந்தால் நல்லது. முன் இருக்கைக்கு அடியில் தள்ளினால் எந்த வடிவத்துக்கும் மடங்கும், எடையே கிடையாது, காலால் இழுக்கலாம். ஏறும்போது இதைக் கேபின் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து எடுத்துப் போகலாம். இருக்கைக்குப் போனதும் இதை மட்டும் உருவிக்கொண்டு, பெட்டியை மேலே ஏற்றச் சொல்லிவிடலாம். இன்னொரு லாபமும் உண்டு. விமானம் நிறைந்திருந்தால், ஏறும் வாசலிலேயே ஊழியர்கள் கேபின் பெட்டிகளை வாங்கிக் கீழே சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து மாத்திரை தேட முடியாது. துணிப்பையை ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம்.

அதற்குள் என்ன வைப்பது? மாத்திரையில் தொடங்குவோம். பயணம் முழுவதற்கும் தேவையான மருந்தும், அதற்கு மேல் ஒரு வாரத்துக்கான மருந்தும் கைவசம் இருக்க வேண்டும். பெட்டி ஒரு நாள், இரண்டு நாள் தாமதமாக வருவது அபூர்வமான விஷயம் அல்ல. ஒரு வார மருந்தை மேலே வைக்கும் பெட்டியில் வைக்கலாம். வழிக்கு வேண்டியது மட்டும் காலடிப் பையில். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் ஒரு கவனம் வேண்டும்: கோடின், டிரமடால் கலந்த மருந்துகளுக்கு வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. முழங்கால் வலிக்கு அம்மா எடுத்துக்கொள்வது அந்த வகையா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால் அது செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது. சரக்கறையில் குளிரில் உறைந்துவிட வாய்ப்புண்டு. உறைந்த இன்சுலினை உருகவைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. பேனா ஊசி, குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் எல்லாம் கைப்பையில் அனுமதி உண்டு. மருத்துவர் கடிதம் ஒன்று உடன் இருக்கட்டும். சோதனையில் தாமாகவே எடுத்துக் காட்டிவிட்டால் பிரச்சினை வராது.

மாத்திரை நேரம் குழம்பும். தோஹா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். டாலஸ் கோடையில் பத்தரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரமும் பின்னால். மேற்கே போகும்போது பகல் நீண்டுகொண்டே போகும். விளக்கை அணைத்துவிட்டால் இரவா பகலா என்று தெரியாது. அம்மா கையில் ஒரு பழைய கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே கட்டிவிடுங்கள். இறங்கும் வரை அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே மாத்திரை. இறங்கிய பிறகு எப்படி மாற்றுவது என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டு அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது துண்டு. கழுத்துத் தலையணை வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். கடையில் தொங்கும் அந்தப் பஞ்சு வளையம் பையில் கால்வாசி இடத்தைப் பிடிக்கும், பலருக்குத் தலையை முன்னால் தள்ளிவிடும். நான் சொல்வது நம் ஊர் ஈரிழைத் துண்டு, குளிக்கப் பயன்படுத்தும் மெல்லிய பருத்தித் துண்டு, இரண்டு. ஒன்றைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்தால் முதுகு வலி குறையும். விமான இருக்கை அந்த இடத்தில் குழிந்திருக்கும், முதுகுக்குப் பிடிப்பு இருக்காது. இன்னொன்றைக் கழுத்தைச் சுற்றி, தாடை விழாத அளவுக்குத் தளர்வாகப் போட்டுக்கொள்ளலாம். ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடித்தால் தலையில் போட்டுக்கொள்ளலாம். சாப்பிடும்போது மடியில். கழிவறையில் முகம் கழுவினால் துடைக்க. நனைந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், ஏனென்றால் உள்ளே காற்று அவ்வளவு வறண்டது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் எதை வைப்பது என்று பட்டியல் பார்க்கத் தேவையே இருக்காது.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைக்கப்பட்டிருக்கும். ஊட்டி சுமார் 7,350 அடி. அதாவது அம்மா தோஹாவிலிருந்து டாலஸ் போகும் 16 மணி நேரமும் ஏறக்குறைய ஊட்டி உயரத்துக் காற்றில் உட்கார்ந்திருக்கிறார், ஊட்டியின் ஈரப்பதம் இல்லாமல். விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. சென்னையில் எழுபது, எண்பதில் பழகிய உடம்பு அது. ஆகவே உதடு வெடிக்கும், மூக்கு உள்ளே காய்ந்து எரியும், கண் உறுத்தும், குதிகால் இழுக்கும். காலடிப் பையில் ஒரு சின்ன வாஸ்லின் டப்பா, மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மருந்து, ஒரு குட்டி பாட்டிலில் தேங்காய் எண்ணெய். எண்ணெய் உறைந்திருந்தால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் போதும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது.

அழுத்தம் குறைவதால் அடைத்து வைத்த காற்று விரியும், தரையில் இருந்ததைவிடக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புவது இதனால்தான். பேனா கசிவதும், கிரீம் ட்யூபைத் திறந்தால் தானாக வழிவதும் இதனால்தான். வயிற்றில் இருக்கும் காற்றும் இதேபோல் விரியும். ஆகவே புறப்படும் நாளில் மொச்சை, கடலை, உருளைக்கிழங்கு, சோடா வேண்டாம். புடவைக்குள் பாவாடை நாடாவை வழக்கம்போல இறுக்கிக் கட்டினால் நாலு மணி நேரத்தில் மூச்சு முட்டும். எலாஸ்டிக் வைத்ததைப் போடச் சொல்லுங்கள். சல்வார் போட்டுப் பழக்கம் இருந்தால் இன்னும் வசதி. இல்லாதவரை வற்புறுத்த வேண்டாம், பருத்திப் புடவையே போதும்.

கால் வீங்கும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் ரத்தம் கெண்டைக்காலில் தேங்கும். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் சாக்ஸ் மருந்துக் கடையில் கிடைக்கும். சர்க்கரை நோயாளி என்பதால், காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே வாங்குங்கள். சாக்ஸை வீட்டிலிருந்து கிளம்பும்போதே போட்டுவிட வேண்டும். கால் வீங்கிய பிறகு ஏற்ற முடியாது. செருப்பு புதிதாக இருக்கக் கூடாது. வார் தளர்த்தக்கூடிய பழகின செருப்பு நல்லது. விமானத்துக்குள் போட்டுக்கொள்ள மடங்கும் ரப்பர் செருப்பு ஒன்று காலடிப் பையில் இருக்கட்டும். வெறும் சாக்ஸோடு கழிவறைக்குப் போகக் கூடாது; தரையில் ஈரம் இருக்கும், அது எப்போதும் தண்ணீராக இருக்காது.

கழிவறை என்றதும் யாரும் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் எல்லா அம்மாக்களும் கவலைப்படும் விஷயம்: அங்கே கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம் மட்டும்தான். இதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல், சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவருக்கு அது ஆபத்து. 300 மி.லி. அளவில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில், மூடியில் துளை போட்டதானால் இன்னும் நல்லது, ஒரு பழைய துணி உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வாஷ்பேசினில் பிடித்துக்கொள்ளலாம். காலியாக இருப்பதால் சோதனையில் எதுவும் சொல்ல மாட்டார்கள். கூடவே வெட் வைப்ஸ் ஒரு சின்னக் கட்டு. வைப்ஸைத் தொட்டிக்குள் போடக் கூடாது, குப்பைக் கூடையில்தான் போட வேண்டும். கதவு நடுவில் மடங்கித் திறக்கும் வகை; தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் உள்ளே விளக்கு முழுதாக எரியும். ஃப்ளஷ் பயங்கரச் சத்தம் போடும், பயப்பட வேண்டாம். இதையெல்லாம் மகன் சொல்லக் கூச்சமாக இருந்தால் அத்தையோ சித்தியோ சொல்லட்டும். யாராவது கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

குடிநீருக்கு வேறொரு பாட்டில், அதுவும் காலியாக. சோதனை முடிந்ததும் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். சென்னையில் நிரப்பியதைத் தோஹாவில் மறுசோதனைக்கு முன் குடித்து முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கொட்டச் சொல்வார்கள். விமானத்தில் சின்னக் கோப்பையில் தருவதற்காகக் காத்திருக்காமல், ஊழியரிடம் பாட்டிலைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லலாம். கேட்பதில் தவறே இல்லை.

சாப்பாட்டில், டிக்கெட்டோடு சேர்த்து முதலில் செய்ய வேண்டியது சிறப்பு உணவுக்குச் சொல்லி வைப்பது. சைவம் என்று பொதுவாகச் சொன்னால் வேகவைத்த காய்கறியும் சாலடும் வரலாம். ஏ.வி.எம்.எல். என்ற குறியீட்டைக் கேளுங்கள். அது இந்தியப் பாணிச் சைவம். டி.பி.எம்.எல். என்பது சர்க்கரை நோயாளிகளுக்கானது, ஆனால் அது சைவமாக இருக்கும் என்று உறுதி கிடையாது. என் அனுபவத்தில் நம் ஊர் அம்மாக்களுக்கு ஏ.வி.எம்.எல்.தான் சரிப்படும்; இனிப்பை மட்டும் ஒதுக்கிவிடச் சொல்லலாம். குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்.

அதற்கு மேலும் கட்டுச்சோறு வேண்டும். நள்ளிரவில் சர்க்கரை இறங்கினால் தட்டு வரும்வரை காத்திருக்க முடியாது. மிளகாய்ப் பொடி எண்ணெய் தடவிய இட்லி நாலு, நன்றாக ஆறிய பிறகு வாழையிலையில் வைத்துக் கட்டியது, சென்னை–தோஹா பயணத்துக்குத் தாங்கும். புளியோதரை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். தயிர் சாதம் வேண்டாம். தயிர், சட்னி, ஊறுகாய், தொக்கு, நெய் எல்லாம் சோதனைக்காரர் கணக்கில் திரவம்தான். அதற்கு அப்பால், கெடாத சிற்றுண்டி: வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, காய்ந்த சப்பாத்தி, மேரி பிஸ்கட், சர்க்கரை குறைந்தால் வாயில் போட்டுக்கொள்ள நாலைந்து மிட்டாய். மிட்டாயைக் கழுத்துப் பையிலேயே வையுங்கள்.

இப்போது சோதனை விதிகள். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்ததுதான் 100 மி.லி. கட்டுப்பாடு. திரவம், களிம்பு, எண்ணெய் எதுவானாலும் பாட்டிலின் அளவு 100 மி.லி.க்கு மிகாமல் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளி ஊடுருவும் ஜிப் கவர் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் ஒன்று: 200 மி.லி. பாட்டிலில் பாதி எண்ணெய் இருந்தாலும் அது செல்லாது. பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. சில விமான நிலையங்களில் புது எந்திரங்கள் வந்து இந்த விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் வழியில் ஓரிடத்தில் பழைய விதி இருந்தால் பறிபோவது அங்கேதான். பழைய விதிக்கே கட்டுங்கள். தலைவலித் தைலமோ கோடாலித் தைலமோ சின்னதாக ஒன்று அந்தக் கவரில் இருக்கட்டும். ஆனால் இருக்கையில் உட்கார்ந்து தேய்க்காமல் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகரச் சொல்லுங்கள். மூடிய இடத்தில் அந்த வாசனை பக்கத்தவருக்கு மூச்சுத் திணறலைத் தரலாம்.

அமெரிக்கா போகும் விமானங்களுக்கென்று இன்னொரு விதி உண்டு, அது நம் வீடுகளைத்தான் நேராகத் தாக்குகிறது. 2018 ஜூன் கடைசியிலிருந்து, கேபின் பையில் 350 மி.லி. அளவுக்கு மேல் எந்தப் பொடி இருந்தாலும் தனியாக எடுத்துச் சோதிப்பார்கள், தெளிவாகத் தெரியாவிட்டால் வாங்கி வைத்துவிடுவார்கள். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப் பொடி, குழந்தைக்கான கஞ்சி மாவு எல்லாமே இதில் அடங்கும். அம்மா ஆறு மாதமாக இடித்துச் சலித்துச் சேர்த்தது தோஹாவில் குப்பைக்கூடைக்குப் போவதைப் பார்க்க மனசு தாங்காது. எல்லாப் பொடியும் செக்-இன் பெட்டிக்கே போகட்டும். விபூதி, குங்குமம் சின்னச் சிமிழில் இருந்தால் கைப்பையில் பரவாயில்லை. கற்பூரமும் தீப்பெட்டியும் எந்தப் பையிலும் வேண்டாம். கொப்பரையும் அப்படியே; எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று விமானத் துறை அதை வகைப்படுத்தியிருக்கிறது. பாக்குவெட்டி, சின்னக் கத்தி, கத்தரிக்கோல் செக்-இன் பெட்டியில்.

பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கைவசம்தான் இருக்க வேண்டும், அது சேமிக்கும் மின்சாரம் 100 வாட்-ஹவருக்குள் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 20,000 எம்.ஏ.எச். என்பது சுமார் 74 வாட்-ஹவர், அது சரி. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையிலேயே எரிந்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். அதன் பிறகு பல நிறுவனங்கள் விதியை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும், எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்தத் தடை போட்டன. எந்த நிறுவனமானாலும் அதை மேல்தட்டில் வைக்க வேண்டாம். சூடானால் உடனே தெரியும்படி காலடிப் பையில் இருக்கட்டும். அம்மாவுக்கு அது தேவையா என்பதையும் யோசியுங்கள். நீண்டதூர விமானங்களில் பெரும்பாலும் இருக்கையிலேயே யு.எஸ்.பி. துளை இருக்கும், ஒரு கேபிள் போதும்.

மேல்தட்டுப் பெட்டிக்கு வருகிறேன், இதில் சொல்ல அதிகம் இல்லை. வளைகுடா நிறுவனங்களின் எகானமி வகுப்பில் பொதுவாக 7 கிலோ. கத்தார் ஏர்வேஸ் கேட்கும் அளவு 50, 37, 25 சென்டிமீட்டர். கடைகளில் கேபின் சைஸ் என்று விற்கும் 55 சென்டிமீட்டர் பெட்டி இதைவிட உயரம், வாங்குமுன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். சக்கரப் பெட்டி சும்மாவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும், அனுமதியில் கிட்டத்தட்ட பாதி அதிலேயே போய்விடும். வீல்சேர் கேட்டிருந்தால் (முழங்கால் வலிக்கு அவசியம் கேளுங்கள், கட்டணம் கிடையாது, 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள்) மடியில் வைத்துக்கொள்ளும் மென்மையான பையே நல்லது. எதுவானாலும் மொத்தம் ஐந்து கிலோவுக்குள் நிறுத்துங்கள். தலைக்கு மேல் தூக்கி வைக்க வேண்டிய பெட்டி அது, உதவிக்கு வருபவரும் சந்தோஷமாகத் தூக்க வேண்டும். உள்ளே ஒரு மாற்றுப் புடவை, ரவிக்கை, உள்ளாடைகள், ஒரு ஸ்வெட்டர், ஒரு வார மருந்து, மருத்துவ அறிக்கைகளின் நகல், குழந்தைக்கு ஆசையாக வாங்கிய ஒரு சின்னப் பரிசு. பெட்டி தாமதமானாலும் அம்மா வெறுங்கையோடு போய் நின்றதாக இருக்காது.

கட்டி முடித்த பிறகு வீட்டிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். அம்மாவைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில், மேசையை நெருக்கிப் போட்டு உட்கார வையுங்கள். காலடியில் துணிப்பை. விளக்கை அணைத்துவிட்டு, "அம்மா, பி.பி. மாத்திரை எடுங்க. இப்ப துண்டு. இப்ப செருப்பு" என்று கேளுங்கள். கை தடுமாறும் பொருள் எதுவோ அதற்கு இடம் மாற்ற வேண்டும். இதில் முக்கியமானது, பையை அம்மாவே கட்டுவது. நீங்கள் கட்டிக் கொடுத்தால் எங்கே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் கூடப் போகப்போவதில்லை.

இறங்கும் நேரத்துக்கு மூன்று விஷயம் சொல்லி அனுப்புங்கள். விமானம் தாழத் தொடங்கும்போது காது அடைக்கும், அப்போது ஒரு மிட்டாயைச் சப்பிக்கொண்டு அடிக்கடி எச்சில் விழுங்க வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடும்படி பக்கத்தவரிடம் சொல்லி வைக்கலாம். சாக்ஸைக் கழற்றாமல் செருப்பின் வாரைத் தளர்த்திப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, உணவுப் பொருள். விமானத்தில் கொடுத்த ஆப்பிளோ வாழைப்பழமோ மிச்சமிருந்தால் அங்கேயே சாப்பிட வேண்டும், அல்லது ஊழியரிடம் கொடுத்துவிட வேண்டும். 2018இல் பாரிஸிலிருந்து அமெரிக்கா வந்த ஒரு பயணிக்கு, விமானத்தில் தந்த ஆப்பிளைச் சொல்லாமல் பையில் வைத்திருந்ததற்காக 500 டாலர் அபராதம் விதித்தார்கள். கறிவேப்பிலையும் கூடாது, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் அமெரிக்கா பச்சையாக அதை உள்ளே விடுவதில்லை. எது கொண்டுவந்திருந்தாலும், கேட்டால் "உணவுப் பொருள் இருக்கிறது" என்று ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அனுமதி இல்லாததை எடுத்து வைத்துக்கொள்வார்கள். சொல்லாமல் பிடிபட்டால்தான் அபராதம்.

குடியேற்ற அதிகாரி எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அம்மா கேட்கலாம். அதற்குள் கழுத்துப் பையில் இருக்கும் தாளை எடுத்து, முகவரி இருக்கும் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டின் நகலும் அதோடு மடித்து வைத்திருக்கட்டும்.